லிஃப்ட் போட்ட பிறகு வரும் வியாதிகள்: ஜீப்பிலும் கூட்டப் பயணத்திலும் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் பூட்டி, முன்னுக்கு வின்ச்சும் (புதைந்தால் கயிற்றால் இழுக்கும் மின்மோட்டார் உருளை) வைத்தாயிற்று. கராஜ் வாசலில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியாது. பேஸ்லைன் வீதியில் 60ஐத் தாண்டியதும்தான் கதை தொடங்கும். ஒருவர் டயரைக் குற்றம் சொல்வார், இன்னொருவர் ஷொக் அப்சோபரை மாற்றச் சொல்வார், மூன்றாமவர் "மச்சான், ஸ்டியரிங் டாம்பர் ஒன்று போடு, எல்லாம் சரி" என்பார் (டாம்பர் என்பது ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் சிறு ஷொக்).

மாற்றம் செய்த வண்டிகளில் குறை தெரியும் இடமும் காரணம் இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறு. உயர்த்தியது ஸ்பிரிங்கை, ஆடுவது ஸ்டியரிங். மாற்றியது டயரை, பலவீனமானது பிரேக். அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், ஸ்பேனர் பிடிக்க வேண்டியது அடுத்தது, பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது கடைசி. கொழும்பில் நம்மவர்கள் கையில் இருப்பது அதிகமாக மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப், சுசுகி ஜிம்னி, லேண்ட் ரோவர் டிஃபென்டர், பழைய பஜெரோ, ஹைலக்ஸ் டபள் கெப். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். ஆகவே இவற்றில் பல வயதானவை. லிஃப்ட் புதிதாக ஒரு நோயைக் கொண்டு வருவதைவிட, ஏற்கெனவே தேய்ந்திருந்ததை வெளியே காட்டுவதே அதிகம்.

60, 70இல் பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுகிறது

முன்பக்கம் இரண்டு சில்லையும் ஒரே இரும்பாக இணைக்கும் முழு அக்ஸில் உள்ள ஜிம்னி, டிஃபென்டர், 4டிஆர்5 ஜீப் போன்றவற்றுக்கு வரும் வியாதி. டெத் வொபிள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு குழியோ பாலத்து மூட்டோ தட்டினால் போதும், முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கும். வேகம் குறையும்வரை நிற்காது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். காலை அக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக பிரேக் அழுத்தி இடதுபக்கம் ஒதுக்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சில்லின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரிம்முக்குள் காய்ந்த சேறு ஒரு பக்கம் ஒட்டியிருந்தாலே போதும், பெலன்ஸ் போய்விடும். கழுவுங்கள், காற்றைச் சரிபாருங்கள், முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓடிப் பாருங்கள். ஆட்டம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி டயர்.

மாறவில்லையா, இனி ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். வண்டி தரையில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே இருக்க, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும், சில்லுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். அக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சட்டகத்தோடு பிடித்திருக்கும் பன்ஹார்ட் ரொட் பூட்டும் இரண்டு முனைகளையும் விசேஷமாகப் பாருங்கள். நான் பார்த்த ஜிம்னிகளில் பாதிக்கு மேல் அங்கேதான் மாட்டிக்கொண்டன. மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றலாம். போல்ட் போகும் துவாரமே முட்டை வடிவமாகியிருந்தால் எத்தனை புது புஷ் போட்டும் பயனில்லை, துவாரத்தை வெல்ட் பண்ணித் திருப்பத் துளைக்க வேண்டும். இன்னொன்று: ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சில்லுகளில் நிற்கும்போது. ஜக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். கராஜ்களில் இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு முன் சில்லையும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால், சில்லு இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் டாம்பரைப் பற்றி யோசிக்க வேண்டும். புது டாம்பர் போட்டு ஆட்டம் நின்ற வண்டி குணமான வண்டி அல்ல. தேய்ந்த மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும், டாம்பர் களைத்ததும் முன்னையதைவிட மோசமாக ஆடும்.

நேராகப் போகாமல் அலைகிறது, திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை

இது பெரும்பாலும் கெஸ்டர் கோணம், அதாவது சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்ததன் விளைவு. திருப்பிய சில்லு தானாக நேராவதற்குக் காரணமே அந்தக் கோணம்தான். அக்ஸிலைச் சட்டகத்தோடு முன்பின்னாகப் பிடிக்கும் ரேடியஸ் ஆம் உள்ள ஜிம்னி, டிஃபென்டர் போன்றவற்றில் கொயில் ஸ்பிரிங்கை உயர்த்தினாலே அக்ஸில் முன்னுக்குச் சுழன்று கெஸ்டர் குறையும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங் முனையைச் சட்டகத்தில் தொங்கவிடும் ஷேக்கிள் முன்முனையில் இருந்து, அதை நீளமாக்கி உயர்த்தியிருந்தால் அங்கும் இதே கதை. லிஃப்ட் கிட்டோடு வரவேண்டிய கெஸ்டர் புஷ்ஷையோ, லீஃப் ஸ்பிரிங்குக்கும் அக்ஸிலுக்கும் நடுவே போகும் ஆப்புத் தகட்டையோ மிச்சம் பிடித்தவர்கள்தான் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். அலைன்மென்ட் கடையில் டோ (முன் சில்லுகள் உள்ளே வெளியே நோக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். கெஸ்டர் எவ்வளவு என்று கேட்டு எண்ணை எழுதி வாங்குங்கள்.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் வீல் மட்டும் கோணலாக நிற்கிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. உயர்த்தியதால் ஸ்டியரிங் பெட்டியையும் சில்லையும் இணைக்கும் டிராக் லிங்க் சரிந்திருக்கிறது. அதன் நீளத்தைத் திருகிச் சரி செய்தால் போதும். வீலைக் கழற்றி நேராகப் பூட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேகம் பிடிக்கும்போது கீழிருந்து அதிர்வு, காலை எடுத்தால் குறைகிறது

ஸ்டியரிங் ஆடவில்லை, தரைத்தகடு அதிர்கிறது என்றால் அக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெலர் ஷாஃப்ட் பக்கம் போங்கள். உயர்த்தியதும் ஷாஃப்ட்டின் சரிவு கூடிவிடுகிறது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு யூ ஜொயின்ட் (மடங்கிச் சுழலும் மூட்டு) மட்டும் உள்ள ஷாஃப்ட்டில், டிரான்ஸ்ஃபர் (முன் பின் அக்ஸிலுக்குப் பலம் பிரிக்கும் பெட்டி) பக்கத்துக் கோணமும் டிஃப் (அக்ஸிலில் உள்ள பல்லுப் பெட்டி) பக்கத்துக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முனை உண்டாக்கும் வேக ஏற்றஇறக்கத்தை மறுமுனை ஈடுசெய்யாது.

சோதனை எளிது. கையில் இருக்கும் கோணமானியால், இல்லாவிட்டால் ஃபோனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியால், ஷாஃப்ட் பூட்டும் இரண்டு ஃபிளாஞ்சையும் அளந்து பாருங்கள். அதற்கு முன்னரே யூ ஜொயின்ட்டைக் கையால் முறுக்கிப் பார்த்து, கிரீஸ் அடித்து, ஷாஃப்ட்டைக் கழற்றிப் பூட்டியவர் இரண்டு முனையின் கவைகளையும் ஒரே வரிசையில் பூட்டினாரா என்று பாருங்கள். ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே அதிரும். ஆப்புத் தகடு போட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முன் அக்ஸிலில் கெஸ்டருக்காகத் திருப்பினால் ஷாஃப்ட் வந்து பூட்டும் பினியனும் சேர்ந்து திரும்பும். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்று கெடாமல் நடுவே ஓர் இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும்.

பஜெரோ போன்ற, முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பாரை முறுக்கி உயர்த்துவார்கள். அங்கே முழுதாகத் திருப்பும்போது டக் டக் என்றால் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜொயின்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறுக்கலில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துகிறது, நிற்கும் தூரம் கூடிவிட்டது

பெரிய டயரைச் சுற்றவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது பின் அக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும் பாரம் உணரும் வால்வு. டபள் கெப்களில் பொதுவாக இருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் வண்டியில் பாரம் இல்லை என்று அது நினைத்துப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு அந்தக் கம்பியையோ அதன் தாங்கியையோ மாற்றிப் பூட்ட வேண்டும்.

கூடவே, சட்டகத்தில் ஜக் வைத்துத் தூக்கி, சில்லுகள் முழுதாகத் தொங்கும்போது பிரேக் குழாயைப் பாருங்கள். வீணைத் தந்தி மாதிரி இழுபட்டு நின்றால் மலையில் ஒருநாள் அறுந்துவிடும். நீளமான குழாய் போடும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

டயர் உரசுகிறது, ஐந்தாம் கியர் இழுக்கவில்லை, மீட்டர் பொய் சொல்கிறது

மூன்றும் டயரால் வந்தவை. எல்லோரும் முதலில் ஃபெண்டரை வெட்டுகிறார்கள். அக்ஸில் மேலே வரும் அளவைத் தடுக்கும் பம்ப் ஸ்டொப்பை நீட்டி, சில்லு திரும்பும் அளவைத் தடுக்கும் ஸ்டியரிங் ஸ்டொப்பரைத் திருகிப் பார்த்த பிறகு வெட்டினால் போதும். 29 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குப் போனால் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் ஓடுவது ஏறக்குறைய 68. பொலிஸ் வேகமானிக்கு உங்கள் டயர் அளவு தெரியாது. நான் 31க்கு மேல் போகச் சொல்லமாட்டேன். கொழும்பிலிருந்து போய்வரும் பாதைகளில் 33 தேவைப்படும் இடத்தை எண்ணிவிடலாம், 33 கெடுக்கும் பேரிங்குகளை எண்ண முடியாது.

ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுகுகிறது, அல்லது விழவே இல்லை

தார் வீதியில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் இறுகுவது குறை அல்ல. நடுவில் டிஃப் இல்லாத வண்டிகளில் முன் பின் அக்ஸில்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். வளைவில் முன் சில்லுகள் அதிக தூரம் ஓட வேண்டும், தார் வழுக்கிக் கொடுக்காது. சில மீட்டர் பின்னுக்கு எடுத்தால் விட்டுவிடும். ஆனால் மண்ணில் நேராகப் போகும்போதும் இறுகினால் நான்கு டயரின் சுற்றளவையும் நூல் கட்டி அளந்து பாருங்கள். முன்னுக்குப் புதியது, பின்னுக்குத் தேய்ந்தது என்று கலந்து பூட்டியிருப்பார்கள். அதுவும் சரியென்றால், அக்ஸில் மாற்றிய வண்டியில் இரண்டு டிஃப்பின் பல் விகிதமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

விழவே இல்லை என்பது மூன்றாம் தலைமுறை ஜிம்னியில் அதிகம். அதன் முன் ஹப்கள் (சில்லை அக்ஸில் ஷாஃப்ட்டோடு இணைக்கும் பகுதி) வெக்கியூமால் பூட்டிக்கொள்பவை. மீட்டர் தட்டில் ஃபோர் வீல் லைட் மினுக்கினாலும் சரி, லைட் எரிந்தும் முன் சில்லு இழுக்காவிட்டாலும் சரி, இதைச் செய்யுங்கள்: ஃபோர் வீலைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு முன் சில்லைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுலபமாகச் சுற்றினால் ஏதோ ஒரு பக்க ஹப் பூட்டவில்லை. ரப்பர் குழாய்களில் வெடிப்பு, கழன்ற முனை, பிறகு உள்ளே இருக்கும் சீல்கள் என்று தேடுங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் அடிக்கடி இறங்குகிறவர் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப்புக்கு மாறிவிடலாம். பிறகு "ஃபோர் வீல் விழவில்லை" என்ற முறைப்பாடு வந்தால், இறங்கி ஹப்பைத் திருப்பினீர்களா என்று மட்டும் கேட்டால் போதும்.

ஏற்றத்தில் ஹீட் ஏறுகிறது

ரேடியேட்டரின் முன்னால் என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள். வின்ச், வட்ட லைட் நான்கு, நம்பர் பிளேட், ஒரு கொடி. ஃபோர் லோவில் (ஃபோர் வீலின் தாழ்ந்த கியர்) மெதுவாக ஏறும்போது வேகத்தால் வரும் காற்று கிடையாது. ஃபேன் இழுப்பது மட்டும்தான், அதையும் மறைத்தால் எப்படி? அடுத்து, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேறும் புல்விதையும் நிறைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். பெரிய கம்ப்ரஷரில் அடித்தால் தகடுகள் மடிந்து முன்னையதைவிட அடைத்துக்கொள்ளும்.

வழியில் ஹீட் மீட்டர் முள் ஏறினால் நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். முள் இறங்காவிட்டாலோ தண்ணீர் வெளியே போய்விட்டாலோ நிறுத்திவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கஸ்கெட் அல்லது ஹெட்டில் வெடிப்பு. பஜெரோவில் வரும் 4டி56 டர்போ எஞ்சின் இதற்குப் பேர்போனது; ஒருமுறை ஹீட் ஏறிய 4டி56ஐ "தண்ணி ஊற்றினேன், சரியாகிவிட்டது" என்று கூட்டப் பயணத்துக்குக் கொண்டு வராதீர்கள்.

தண்ணீரில் இறங்கியதும் எஞ்சின் நின்றுவிட்டது

சாவியைத் தொடாதீர்கள். இது ஒன்றைத்தான் சத்தம்போட்டுச் சொல்வேன். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது நசுங்காது, கொனெக்டிங் ரொட்தான் வளையும். முதலில் வண்டியை இழுத்துக் கரைக்கு எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறவுங்கள். உள்ளே காய்ந்திருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி: பெற்றோல் வண்டியில் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்திருக்கும், துடைத்துக் காயவைத்தால் ஓடும். நனைந்திருந்தால் டீசலில் குளோ பிளக்கையும் பெற்றோலில் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். தண்ணீர் வெளியே பீச்சும்; முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்நோர்க்கல் குழாய் இருக்கிறதே என்பவர்களுக்கு: எஞ்சின் சும்மா ஓடும்போது ஸ்நோர்க்கல் வாயை உள்ளங்கையால் ஒரு கணம் மூடிப் பாருங்கள். எஞ்சின் திணற வேண்டும். திணறாமல் ஓடினால் வேறு எங்கோ காற்று இழுக்கிறது, அதே வழியால் தண்ணீரும் இழுக்கும். ஊரில் ஓடும் ஸ்நோர்க்கல்களில் பாதி அலங்காரம்.

டிஃப்பையும் மறக்க வேண்டாம். ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். டிஃப்பின் காற்றுத்துளையான ப்ரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் பூட்டி எஞ்சின் அறைக்குள் உயர்த்திக் கட்டினால் தீர்ந்தது. ஐந்து மீட்டர் குழாயின் விலைதான் செலவு. டிஃப் எண்ணெய் பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

இறங்குவதற்கு முன் ஆழத்தை நடந்து பார் என்று எல்லோரும் சொல்வார்கள். மலை ஓடைகளில் சரி. தாழ்நிலத்து ஆறுகளில் முதலை உண்டு. அங்கே நடக்கும் முன் ஊர்க்காரரைக் கேளுங்கள்.

வின்ச் இழுக்கத் தொடங்கி நடுவில் நின்றுவிடுகிறது

முழுப் பாரத்தில் 12 வோல்ட் வின்ச் ஒன்று 400 அம்பியர் அளவுக்கு இழுக்கும். எஞ்சினை ஓடவிட்டு, இழுக்கும்போது பற்றரி முனையிலும் வின்ச் முனையிலும் வோல்ட் அளவைப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கேபிள் மெல்லியது அல்லது எர்த் சரியில்லை. பெயின்ட் பூசிய பம்பரில் எர்த் எடுத்திருப்பார்கள். வோல்ட் சரியாக இருந்தும் திணறினால் உருளையில் எத்தனை சுற்றுக் கயிறு மிச்சம் என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் பலம் முதல் அடுக்குக்கு மட்டும். மேல் அடுக்குகளில் குறைந்துகொண்டே போகும். கயிற்றை அதிகம் வெளியே விடுங்கள், அல்லது ஸ்நட்ச் புளொக் (கயிறு திரும்பும் கப்பி) போட்டு இரட்டையாக்குங்கள். வின்ச் வாங்கும்போது வண்டியின் மொத்தப் பாரத்தின் ஒன்றரை மடங்கு என்று கணக்கு வையுங்கள்.

ட்ரெய்லர் கொளுவும் டோ போல்லில் கொளுவி இழுக்காதீர்கள். அது உடைந்தால் குண்டு. கயிறு இறுகும்போது அதன் நீளத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது, ஃபோனில் வீடியோ எடுப்பவர் உட்பட. தோட்டங்களில் நிழல் மரத்தில் கட்டுவதாக இருந்தால் அகலப் பட்டி போட்டு, மரத்தின் அடியிலேயே கட்டுங்கள்.

இனி வண்டியை விட்டுக் கூட்டத்துக்கு வருவோம். இங்கும் அதே கதைதான்: குறை தெரிவது மலையில், காரணம் இருப்பது கொழும்பில் போட்ட திட்டத்தில்.

பின்னால் வந்தவர்களைக் காணவில்லை

காரணம் பெரும்பாலும் முன்னால் போனவர். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் போகும் வண்டியைப் பார்த்து ஓடினால் கூட்டம் பிரியும். தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு என்று மாற்றுங்கள்: சந்தி ஒன்றில் திரும்பினால், பின்னால் வருபவர் உங்களைக் காணும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பாதை தெரிந்தவர் முதல், கயிறும் கருவியும் உள்ள அனுபவசாலி கடைசி, புதியவர்கள் நடுவில். நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஹுன்னஸ்கிரியாவைத் தாண்டி மீமுரே பக்கம் இறங்கினால் ஃபோனை நம்ப முடியாது. வோக்கிடோக்கி வைத்திருக்க தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எது இல்லாவிட்டாலும் எங்கே சேர்வது, எத்தனை மணிவரை காத்திருப்பது என்பதை எழுதி ஒவ்வொரு வண்டியிலும் வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் இருட்டிவிடுகிறது

வண்டிகள் அதிகம். ஒரு சேற்றுக்குழியைத் தாண்ட ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் என்றால் பன்னிரண்டு வண்டிக்கு இரண்டு மணித்தியாலம், அதுவும் ஒருவரும் புதையாவிட்டால். ஆறு, ஏழு வண்டிக்கு மேல் என்றால் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். நம் நாட்டில் எந்த மாதமானாலும் ஆறு, ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே. ஓகியாவிலிருந்து கலுபஹன பக்கம் இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ் பாதைக்குப் போகிறவர்கள் கொழும்பை விடியற்காலை நான்குக்கு விடுவது அதனால்தான். அவிசாவளையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ஒரு மணித்தியாலம் காணாமல் போகும். முதல்நாளே கட்டிக்கொண்டு வாருங்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பாதி தூரம் தாண்டாவிட்டால் திரும்புவது என்று புறப்படும் முன்பே முடிவெடுத்து வையுங்கள். அந்த இடத்தில் நின்று விவாதித்தால் ஆர்வக்கோளாறு உள்ளவர்தான் வெல்வார்.

எண்ணெய் போதவில்லை

ஃபோர் லோவில் கி.மீ. கணக்குச் செல்லாது, மணித்தியாலக் கணக்குத்தான். கடைசி நகரத்தில், டெவில்ஸ் ஸ்டெயர்கேஸுக்கு என்றால் பலாங்கொடையில், எல்லோரும் நிரப்ப வேண்டும். அரை டேங்க் போதும் என்பவரும் சேர்த்துத்தான்.

வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம், 2010இலிருந்து மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியும்கூட. வன இலாகா அனுமதி இல்லாமல் காட்டுப் பாதைகளுக்குள் போக முடியாது. இருக்கும் பாதையை விட்டு வண்டியைக் கீழே இறக்கவும் கூடாது.

தேயிலைத் தோட்டப் பாதைகள் அதைவிட நுட்பமான விஷயம். வரைபடத்தில் கோடு இருப்பதால் அது பொதுப்பாதை ஆகிவிடாது. தோட்டத்துத் துரையிடம் (முகாமையாளர்) முன்கூட்டியே கடிதமோ தொலைபேசியோ, எந்த வழியிலாவது அனுமதி வாங்குங்கள். கிடைத்த பிறகும் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் லொறிக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மழைக்குப் பிறகு முப்பது அங்குல டயர்கள் ஏழெட்டு ஓடிக் கிளறிய பாதையில்தான் மறுநாள் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்க வேண்டும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். லயங்களுக்கு முன்னால் ஹோர்ன், சத்தமான பாட்டு, எல்ஈடி பார் ஒன்றும் வேண்டாம். நமக்கு ஒரு வசதி இருக்கிறது: இறங்கி, "அண்ணே, மேலே பாலம் இருக்குதா, போன மழைக்கு ஏதும் சரிஞ்சதா?" என்று கேட்டால் மறுமொழி நம் மொழியிலேயே வரும். டிராக்டர் ஓட்டுபவர் சொல்வதற்கு மேல் எந்த வரைபடமும் இல்லை.

மழை வந்து மாட்டிக்கொண்டோம்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை ரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கத்தை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில். பாதையை மாதம் பார்த்துத் தெரிவு செய்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஒக்டோபர், நவம்பரில் எங்கே போனாலும் பிற்பகல் இடிமழையை எதிர்பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சளாக இருந்தாலே நான் பயணத்தை ஒத்திவைப்பேன். வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மலை வண்டிமேல் விழுவதற்கு லிஃப்ட் கிட் கிடையாது. ஒவ்வொரு வண்டியிலும் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

வழியில் பொலிஸ் நிறுத்துகிறது, காப்புறுதி மறுக்கிறது

2025 ஜனவரியில் பஸ், முச்சக்கரவண்டிகளின் மேலதிகப் பொருத்துகளைக் கழற்ற வைத்த நடவடிக்கைக்குப் பிறகு கூரை லைட்டை மூடி ஓடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்லது, அப்படியே தொடருங்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு திருத்த வேண்டும். உயர்த்தியதையும் டயர் மாற்றியதையும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

வந்த மறுநாள் பிரேக்கில் சத்தம், சில்லில் ஏதோ ஆட்டம்

டிரம்முக்குள் மணல். கழற்றிக் கழுவுங்கள், யூ ஜொயின்ட்களுக்குக் கிரீஸ் அடித்துப் பழைய கிரீஸோடு தண்ணீர் வெளியே வரும்வரை தள்ளுங்கள், காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றினீர்களா என்று பாருங்கள். மலையில் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியதை மறந்து அதிவேகப் பாதையில் வந்தவர்கள் உண்டு. சில்லு ஆட்டத்துக்கு நட்டுகளைத் தொடுங்கள். அலோய் ரிம் மாற்றியவர் பழைய நட்டையே பூட்டியிருந்தால் நட்டின் அடியும் ரிம்மின் இருக்கையும் பொருந்தாது, எவ்வளவு இறுக்கினாலும் இளகும். ஒன்றைக் கழற்றி, கூம்பா தட்டையா என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.